மார்க்கஃபேனில் பச்சை வரவில்லை

எங்கள் அறையில் ஒரு பெரிய திரை இருக்கிறது. மாவட்டத்தில் உள்ள அத்தனை சிக்னல்களும் அதில் புள்ளி புள்ளியாகத் தெரியும். பச்சைப் புள்ளி என்றால் அந்தச் சாலையோரப் பெட்டி நலம். சிவப்பு என்றால் பராமரிப்பு ஆள் ஹாபோவை வண்டியோடு அனுப்ப வேண்டும். விளக்கு போனாலும், பெட்டிக் கதவை யாராவது திறந்தாலும், லாரி வந்து கம்பத்தில் இடித்தாலும் முதலில் தெரிவது எனக்குத்தான். கடைத்தெருவில் என்னைப் பார்ப்பவர்கள், "டோம்கே, எங்க தெரு சிக்னல்ல ரொம்ப நேரம் நிக்க வைக்குது, கொஞ்சம் பாத்துச் செய்யேன்" என்பார்கள். ஏதோ நான்தான் வீட்டில் உட்கார்ந்து சுவிட்சு போடுகிற மாதிரி. ஒருவகையில் அது உண்மையும்தான். இருந்த இடத்திலிருந்தே பச்சையை நீட்டலாம், குறைக்கலாம், நிறுத்தியும் வைக்கலாம்.

நான் வடக்குக் கடலோரத்தில் இருக்கும் கிழக்கு ஃப்ரீஸ்லாந்துக்காரி. எங்கள் ஆட்களைப் பற்றி ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாயைத் திறக்க மாட்டார்கள். வணக்கம் சொல்லக் காலையில் ஒரு "மொயின்", மாலையில் ஒரு "மொயின்", நடுவில் தேநீர், அவ்வளவுதான் பேச்சு. கூரை ஒழுகினால்கூட மழைக்காலம் முடியட்டும் என்று பாத்திரத்தை வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். இதை ஒரு பெருமையாக வேறு சொல்லிக்கொள்வார்கள். எனக்கு அதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

ஜூலை மாதம் ஒரு திங்கட்கிழமை, எங்கள் அதிகாரி ரெங்கோ ஒரு தாளோடு வந்து என் மேசையருகே நின்றார். நெட்டையான மனிதர். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. எண்களைத் தவிர வேறு எதையும் நம்ப மாட்டார்.

"மார்க்கஃபேன் சிக்னலை எடுத்துடலாம். மார்ச்சிலேருந்து ஒருத்தர்கூட பட்டனை அழுத்தல. பூஜ்யம். அறிவிப்பும் ஒட்டியாச்சு, புதன்கிழமை ஹாபோ போய்க் கம்பத்தைப் பிடுங்கட்டும்" என்றார்.

மார்க்கஃபேன் என்கிற ஊரில் இருப்பது நடந்து கடப்பவர்களுக்கான சிக்னல். கம்பத்தில் உள்ள பட்டனை அழுத்தினால்தான் அவர்களுக்குப் பச்சை வரும். மற்ற நேரமெல்லாம் துறைமுகத்துக்குப் போகும் லாரிகளுக்குத்தான் பச்சை.

"ஊரே இருக்கு. ஒருத்தர்கூடவா அழுத்தல?" என்றேன்.

"எண் பொய் சொல்லாது, டோம்கே."

திரையைப் பார்த்தேன். மார்க்கஃபேன் புள்ளி பச்சையாகத்தான் இருந்தது. கோளாறு எதுவும் இல்லை. கேமரா இருந்தால் எட்டிப் பார்க்கலாம். கேமரா என்று பேச்செடுத்தாலே எங்கள் ஊர்களில் எதிர்ப்புக் கூட்டம் போட்டுவிடுவார்கள். அதற்கு மட்டும் வாய் திறக்கும்.

அன்று மதியமே ஒரு தொலைபேசி வந்தது. பெண் குரல். பேச்சிலேயே தெற்கு மணந்தது.

"வணக்கமுங்க. மார்க்கஃபேன் ரொட்டிக்கடையிலிருந்து புர்கி பேசறேன். சிக்னலை எடுக்கறதா கம்பத்துல ஒட்டியிருக்குதுங்களே. ஒரு சின்ன உதவிங்க. மாசக் கடைசி வரைக்கும் விட்டுவைக்க முடியுங்களா?"

"மாசக் கடைசில என்ன?"

"கடையை மூடறேனுங்க. அதுவரைக்கும் யாராச்சும் வர நெனச்சா, வழி இருக்கட்டும்னு பாத்தேன்."

அவள் தெற்கே பவேரியாக்காரி. போன வருடம்தான் வந்து, கால்வாய்க் கரையில் மதகுக் காவலர் இருந்த பழைய வீட்டை வாடகைக்கு எடுத்துக் கீழே கடை, மேலே குடித்தனம் என்று ஆரம்பித்திருக்கிறாள். சாலைக்கு இந்தப் பக்கம் ஊர் முழுவதும்; அந்தப் பக்கம் அவள் வீடு ஒன்றுதான். குளிர்காலத்தில் கடை நன்றாகவே ஓடியதாம்.

"அப்புறம் என்னாச்சு?" என்றேன்.

"என்னமோ கோவமுங்க என் மேல. தினமும் எதிர்ப்பக்கம் வந்து நிக்கறாங்க. என் கடையவே பாக்கறாங்க. அப்புறம் திரும்பிப் போயிடறாங்க. ஜன்னல் வழியா நான் பாத்துட்டேதான் இருக்கறேன். ஒரு நாள் ரெண்டு நாள் இல்லீங்க, மாசக்கணக்கா. கடைக்கு வராட்டிப் போகுது, அப்படி வந்து நின்னு காட்டிட்டுப் போகணுமா?"

 போனை வைத்தபின் எனக்கு ஒன்று மட்டும் இடித்தது. சிக்னல் கம்பத்தடிக்கு வந்து நிற்கிறவர்கள் பட்டனை அழுத்தாமலா நிற்பார்கள்? எங்கள் ஊரில் நாய்கூட பச்சைக்குக் காத்திருக்கும்.

ரெங்கோவிடம் சொன்னேன். "அது வியாபாரப் பிரச்சினை, சிக்னல் பிரச்சினை இல்ல" என்றார். மறுநாள் காலை அவரிடம் சொல்லாமல் ஹாபோவின் வண்டியில் ஏறிவிட்டேன்.

ஹாபோ நல்ல வேலைக்காரன், ஆனால் ஃபிளாஸ்க்கில் தேநீர் தீர்ந்தால் வேலை நின்றுவிடும்.

"தாயே, மேலிடத்துக்குத் தெரியாம என்னைக் கடத்திட்டுப் போறியா?" என்றான்.

"வண்டிய ஓட்டு. வாயை மூடு."

"நம்ம ஊர்ல இதைச் சொல்ல வேண்டியதே இல்லியே" என்று சிரித்தான்.

மார்க்கஃபேனில் இறங்கியபோது மழை தூறி விட்டிருந்தது. லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன, நடுவில் புகுந்து கடக்க இடமே இல்லை. அந்தப் பக்கம் கடை ஜன்னலில் மஞ்சள் விளக்கு எரிந்தது. உள்ளே ஒரு தலை அசைந்தது.

நாங்கள் வண்டியிலிருந்து இறங்குவதற்குள் ஒரு பெரியவர் துணிப்பையோடு வந்தார். கம்பத்தடியில் நின்றார். பட்டனை அழுத்தினார், நான் என் கண்ணால் பார்த்தேன். பட்டனுக்கு மேல் 'காத்திருக்கவும்' என்கிற சின்ன விளக்கும் எரிந்தது. அவர் காத்திருந்தார். லாரிகள் போயின. நடப்பவர்களுக்கான விளக்கு சிவப்பாகவே இருந்தது. கொஞ்ச நேரம் ரொட்டிக்கடையைப் பார்த்தார். பிறகு பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வந்த வழியே திரும்பினார்.

ஓடிப்போய் வழிமறித்தேன். "மொயின். ஏன் திரும்பிப் போறீங்க?"

"மொயின். சிவப்பா இருக்கே" என்றார். அவர் பெயர் மென்னோ. ஓய்வு பெற்ற படகு ஓட்டி.

"எத்தனை நாளா இப்படி?"

"மார்ச்சுல குழாய் போடத் தோண்டினாங்க. அப்பலேருந்து."

"நாலு மாசமா பச்சையே வரலியா?"

"வரல."

"அப்புறம் எதுக்கு தினம் வர்றீங்க?"

"இன்னிக்கு வந்துட்டா?" என்றார், நான்தான் புத்தி கெட்டவள் என்பது போல.

 "லாரி இல்லாதப்போ குறுக்கே போயிருக்கலாமே, பெரியவரே?"

"பக்கத்துலதான் பள்ளிக்கூடம். பிள்ளைங்க பாக்கறப்போ சிவப்புல தாண்டறதா?"

"இப்ப லீவுதானே!"

"லீவு விட்டா சிவப்பு பச்சையாயிடுமா? அப்புறம் லாரிய பாத்தீங்கல்ல. தூக்குப் பாலம் வழியா சுத்திப் போகலாம். என் முழங்கால் ஒத்துக்கல. மத்தவங்க கார் எடுத்துக்கிட்டு டவுன் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போயிடறாங்க. அந்த ரொட்டி ரொட்டியே இல்ல."

"சரி, ஒரு போன் போட்டு எங்களுக்குச் சொல்லியிருக்கலாமில்ல?"

அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். சாலையோரப் பெட்டியைக் காட்டினார். அதில் நாங்களே வசந்தத்தில் ஒட்டிய ஸ்டிக்கர்: 'இந்தச் சாதனம் தொலைவிலிருந்து கண்காணிக்கப்படுகிறது.'

"நீங்கதான் எல்லாத்தையும் அங்கேருந்து பாத்துட்டே இருக்கீங்களே. பாத்துட்டும் சிவப்பா வெச்சிருக்கீங்கன்னா ஏதோ காரணம் இருக்கும்னு ஊர்ல பேசிக்கிட்டோம். நாங்க போன் பண்ணி உங்க வேலைய உங்களுக்குச் சொல்லித் தரணுமா?"

ஹாபோ வாயைப் பொத்திக்கொண்டு வண்டிப் பக்கம் திரும்பிக்கொண்டான். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஒரு ஊர் மொத்தமும் எங்களை நம்பி நாலு மாதம் நல்ல ரொட்டி இல்லாமல் இருந்திருக்கிறது.

ஹாபோ பெட்டியைத் திறந்து மடிக்கணினியை மாட்டினான். பட்டன் நன்றாக இருந்தது. வயர் நன்றாக இருந்தது. விளக்குகள் எல்லாம் புதியவை.

"பெட்டி மேல தப்பே இல்ல. இதுக்கு மேலேருந்து ஆணை போயிருக்கு, நடக்கறவங்களுக்குப் பச்சை குடுக்காதேன்னு. அந்தத் தடை இருக்கறப்போ பட்டனை அழுத்தினா மேல சின்ன விளக்கு மட்டும் எரியும். கணக்குல ஏறாது" என்றான்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. எங்கள் திரையில் பச்சைப் புள்ளி என்பது சாலை நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. பெட்டி சொன்ன பேச்சைக் கேட்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். இது மகா பணிவான பெட்டி. சொன்னதை நாலு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

ரெங்கோவைக் கூப்பிட்டேன்.

"எங்கே இருக்கே நீ?"

"மார்க்கஃபேன்ல. மார்ச்சுல குழாய்க்குத் தோண்டினப்போ நடைபாதைய மூடினோமே, அப்போ இங்க நடக்கறவங்க பச்சைக்குத் தடை போட்டது யாரு?"

 விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"நான்தான்" என்றார். "வேலை முடிஞ்சதும் ஒப்பந்தக்காரங்க சொல்லுவாங்கன்னு..."

"அவங்க சொல்லல. ஊர்க்காரங்களும் சொல்லல. நீங்க பூட்டைப் போட்டுட்டு, யாருமே கதவைத் தட்டலேன்னு கதவையே பிடுங்கச் சொல்றீங்க. இங்க ஒரு பொம்பள, ஊரே தன்னை ஒதுக்கி வெச்சிடுச்சுன்னு கடையை மூடிட்டுப் போகப் போறா."

நான் கத்தியது மென்னோவுக்குப் பிடிக்கவில்லை. அவர் கால்வாயைப் பார்த்துக்கொண்டார். ரெங்கோ வாதாடுவார், நெறிமுறை என்பார் என்று எதிர்பார்த்தேன். அந்த மனிதர் மெல்லிய குரலில், "எடுத்துட்டேன். அழுத்தச் சொல்லு" என்றார்.

மென்னோவைப் பார்த்துத் தலையசைத்தேன். அவர் அழுத்தினார். லாரிகளுக்கு மஞ்சள், பிறகு சிவப்பு. பெரிய மீன் லாரி ஒன்று மூச்சு வாங்கி நின்றது. நடப்பவர்களுக்குப் பச்சை வந்தது. மென்னோ உடனே போகவில்லை. தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "பரவாயில்லியே" என்றார். எங்கள் ஊர் அகராதியில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

கடைக்குள் ரொட்டி வாசனை தூக்கியது. அலமாரியில் பாதிதான் ரொட்டி. மூலையில் அட்டைப் பெட்டிகள் கட்டி அடுக்கப்பட்டிருந்தன. புர்கிக்கு ஐம்பது வயதிருக்கும், வாட்டசாட்டமான பெண், முழங்கை வரை மாவு. விஷயத்தை நான் சொல்லச் சொல்ல அவள் முகம் சிவந்தது.

"என்னைச் சமாதானப்படுத்தக் கதை விடறீங்க. எந்த மனுசனாச்சும் நாலு மாசம் ஒரு விளக்குக்காக நிப்பானுங்களா?"

"நீங்க வந்து ஒரு வருஷம்கூட ஆகலியே" என்றான் ஹாபோ.

"இல்லீங்க. எனக்குத் தெரியும். திறந்த அன்னிக்கே தப்புப் பண்ணிட்டேன். எல்லாருக்கும் தேநீர் குடுத்து, நானே கரண்டியால கலக்கியும் விட்டேன். எல்லார் மூஞ்சியும் மாறுச்சு. இங்க கலக்கக் கூடாதாம், கல்கண்டு அடியில கெடக்கணுமாம், பாலாடை மேல மெதக்கணுமாம். யாரு எனக்குச் சொன்னாங்க?"

வாசலில் நின்ற மென்னோ தொண்டையைச் செருமினார். "அது கொடுமைதான். ஆனா அதுக்கப்புறமும் குளிர்காலம் பூரா வந்தோமே. உங்க கறுப்பு ரொட்டி அப்படி."

"அப்ப ஒரு வார்த்தை! அந்தப் பக்கத்திலிருந்து கையை ஆட்டியிருக்கலாம், 'ஏம்மா, இது பச்சையாக மாட்டேங்குது'ன்னு கத்தியிருக்கலாம். நான் தினமும் ராத்திரி அழுதுட்டுப் படுத்தேனுங்க!"

"ரோட்டுக்கு அந்தாண்டையிலிருந்து ஒரு பொம்பளையப் பாத்துக் கத்தறது மரியாதை இல்லியே" என்றார் மென்னோ. கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீங்களும் ஒரு தடவை கீழ வந்து, இந்தப் பக்கத்துப் பட்டனை அழுத்திப் பாத்திருக்கலாம். வந்து, என்ன கோவம்னு கேட்டிருக்கலாம். இந்தப் பத்து மாசத்துல நீங்க எங்க பக்கம் வந்ததே இல்ல."

புர்கி திரும்பிப் பின்வாசலைப் பார்த்தாள். அவளுடைய மாவு வண்டி கால்வாய்ப் பாதையில் பின்வாசலுக்கு வரும். டவுனுக்குப் போவதும் அந்த வழிதான். சாலையைக் கடக்க அவளுக்குத் தேவையே இருந்ததில்லை. ஜன்னலில் நின்று பார்த்தது மட்டும்தான்.

"எப்படியும் காலி பண்றேன்னு வீட்டு ஓனருகிட்ட சொல்லியாச்சுங்க" என்றாள், சுருதி இறங்கி. "பெட்டியும் கட்டியாச்சு. நாளைக்கே கூட்டம் வந்தாலும் அது பாவம் பாத்து வர்ற கூட்டம். பாவப்பட்டு வாங்கற ரொட்டிய நான் சுட மாட்டேன்."

 விளக்கைச் சரிசெய்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துவிட்டேன். ரெங்கோவுக்கும் எனக்கும் அதில் பெரிய வித்தியாசமில்லை.

மென்னோ ரொட்டிக்குக் காசு வைத்தார். கறுப்பு ரொட்டியைப் பையில் போட்டுக்கொண்டார். போகும்போது வாசலில் நின்று, ஒரு வருடப் பேச்சை ஒரே மூச்சில் பேசினார்.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் எங்க வீட்டுல தேநீர். தெருக்காரங்க எல்லாம் வருவாங்க. நீங்களும் வாங்க. வந்தீங்கன்னா, இங்கதான் இருக்கப் போறீங்கன்னு எடுத்துக்கறோம். வீட்டு ஓனருகிட்ட நானே பேசறேன், அவன் என் மச்சான்தான். வரலேன்னா, புரிஞ்சுக்கறோம். யாரும் எதுவும் கேக்க மாட்டோம்."

அவள் காசை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நாங்கள் வெளியே வந்தோம்.

அந்த வாரம் முழுக்க மார்க்கஃபேன் பட்டன் திரையில் கண் சிமிட்டிக்கொண்டே இருந்தது. காலையில் ஊர்ப் பக்கத்துப் பட்டன் ஒவ்வொன்றாகத் தட்டும். சற்றுப் பொறுத்துக் கால்வாய்ப் பக்கத்துப் பட்டன், ரொட்டி வாங்கித் திரும்புகிறவர்கள். கம்பம் பிடுங்குகிற உத்தரவை ரெங்கோ வாய்திறக்காமல் ரத்து செய்தார். அதற்குமேல் ஒரு வேலையும் செய்தார்: மாவட்டம் முழுவதும் எந்தப் பெட்டியில் மறந்துபோன தடை கிடக்கிறது என்று உட்கார்ந்து தேடினார். இன்னும் இரண்டு ஊர்களில் கிடந்தது. அங்கேயும் யாரும் மூச்சு விட்டிருக்கவில்லை.

ஆனால் கடை மூடும் அறிவிப்பு ஜன்னலில் அப்படியே இருப்பதாக ஹாபோ சொன்னான். ரொட்டி விற்கிறாளாம், யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம்.

ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பணி. லாரிகளுக்கு அன்று தடை, ஆனால் கடற்கரையிலிருந்தும் தீவுகளிலிருந்தும் திரும்புகிற கார்கள் மார்க்கஃபேன் வழியாக வால் நீட்டிக்கொண்டிருந்தன. ரெங்கோவுக்கு அன்று விடுமுறை. ஆனாலும் ஏதோ தாளை மறந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு வந்தார். தாளை எடுத்தபின்னும் போகவில்லை. என் பின்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.  எதற்காக உட்கார்ந்திருக்கிறோம் என்று இருவருக்கும் தெரியும்.

ரொட்டிக்கடைக்கு ஞாயிறு மதியம் விடுமுறை. வாங்க வருகிறவர் யாரும் இல்லை. கால்வாய்ப் பக்கத்துப் பட்டனை அந்த நேரத்தில் அழுத்துவதற்கு உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் உண்டு.

மென்னோ வீட்டில் தேநீர் ஆரம்பித்திருக்க வேண்டிய நேரம் வந்தது. தாண்டியும் போனது. ரெங்கோ பேனாவை எடுத்தார், வைத்தார். "வரமாட்டாங்க" என்றார். நான் அவர் பக்கம் திரும்பவில்லை.  ஒரே ஒரு முறை பார்த்த ரொட்டிக்காரிக்காக இப்படித் தவிக்கிறேனே என்று என் மேலேயே கோபமாகவும் இருந்தது.

கால்வாய்ப் பக்கத்துப் பட்டன் எரிந்தது.

இருவரும் எழுந்துவிட்டோம். கார்கள் நெருக்கமாக வந்துகொண்டிருந்தன. அந்த நெரிசலில் பெட்டி அவளை ரொம்ப நேரம் நிற்க வைக்கும். நின்றால் மனசு மாறலாம், திரும்பிப் படியேறிவிடலாம். நான் விசைப்பலகையை இழுத்து, கார்களின் பச்சையை அந்த நிமிடமே வெட்டினேன். திரையில் மார்க்கஃபேன் சாலை சிவப்பாயிற்று. நடப்பவர்களுக்குப் பச்சை.

"காருக்காரங்க திட்டித் தீப்பாங்க" என்றேன், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

ரெங்கோ திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தேநீருக்குக் கொண்டுபோற கேக்கு கையில இருக்கும், மெதுவாத்தான் நடப்பாங்க" என்றார். "இன்னும் கொஞ்சம் நீட்டு."